தெருக்குத்து யார் பேருக்கு

கிணத்து வீதியில் இப்போது கிணறு கிடையாது. அதை மூடி, மேலே ஒரு பனியன் கம்பெனி முதலாளி கார் நிறுத்தக் கொட்டகை போட்டுவிட்டார். வீதியின் பேரை மட்டும் யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அதனால் அது மிஞ்சியது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. ஏற்றுமதிக் கோட்டா ஒழிந்து பனியன் ஆர்டர் குவிந்த நேரம். வேலம்பாளையத்துப் பக்கம் கூலிக்காரர்கள் குடியிருந்த ஓட்டு வீடுகளை முதலாளிமார் ஒவ்வொன்றாக வாங்கி இடித்து, தூண் வைத்து, தூணுக்கு மேல் சிங்கம் வைத்துக் கட்டினார்கள். சிங்கங்கள் எல்லாம் ஒரே அச்சு. பொழுது சாய்ந்து குடித்துவிட்டு வருகிறவர்கள் வீடு மாறிப் போனதும் உண்டு.

அந்த வீதியில் விலை போகாமல் நின்றது கன்னையனின் ஓட்டு வீடு ஒன்றுதான். மெயின் ரோட்டிலிருந்து நேராக வரும் வீதி அவர் வாசற்படியில் வந்து முட்டி, பிறகுதான் திரும்பும். தெருக்குத்து. குத்தைத் தாங்கட்டும் என்று கன்னையனின் அப்பா மதிலில் ஒரு பிள்ளையாரைப் பதித்திருந்தார். கோயில் கும்பாபிஷேகத்துக்கு லட்சம் லட்சமாக எழுதுகிற முதலாளிமாருக்கு, இந்தப் பிள்ளையாரை நம்பி அந்த வீட்டை வாங்கத் தைரியம் வரவில்லை.

வேலாத்தாளுக்கு வந்தது.

வேலாத்தாள் யாரென்றால், மங்கலத்தில் தறி ஓட்டிய வெள்ளியங்கிரியின் இளைய தாரத்துப் பெண். மூத்த தாரத்துப் பையன் லிங்கசாமி. அவனுக்கு உலகத்தில் தெரியாத விஷயம் கிடையாது, தங்கையின் கல்யாணத் தேதியைத் தவிர. அன்றைக்கு மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டான். வீரபாண்டி நஞ்சப்பனைக் கட்டிக்கொண்ட பதினேழு வருஷத்தில் வேலாத்தாள் ஒன்பது வாடகை வீடு பார்த்துவிட்டாள். ஒரு வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தை எண்ணினாள். இன்னொருத்தி வாசலில் கிடக்கும் விருந்தாளிச் செருப்பை எண்ணினாள். கடைசியாக ஒருத்தர், மகனுக்குக் கல்யாணம், பத்து நாளில் காலி பண்ணுங்கள் என்றார். அந்த மகன் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

'காலி பண்ணு' என்ற சொல்லை இனிமேல் ஒருத்தர் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். சீட்டுப் பணமும் கழுத்தில் காதில் கிடந்ததும் எட்டுகிற விலைக்கு இருந்தது கன்னையன் வீடு மட்டும்தான்.

அவளுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஊசித் துளையைக்கூடக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற கண். அந்தக் கண்ணுக்கு ஒன்று உறுத்தியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வீதியில் அவள் வாடகைக்குக் கேட்டு வந்தபோது, "நீங்க என்ன சனமுங்க?" என்று கேட்டு, பதில் வந்ததும், "நாங்க வாடகைக்கே விடறதில்லீங்க" என்றார்கள். 'வீடு வாடகைக்கு' என்ற பலகை அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கியது. இப்போது கன்னையன் வீட்டுக்கு நேர் பின்னால் பங்களா கட்டியிருக்கும் தரணீதரன், வீடு பார்க்க வந்தவளுக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தனுப்பினார். ராசியான வீடு, விடாதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினார்.

அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் லிங்கசாமி வந்து சேர்ந்தான்.

"மாப்ள, தெருக்குத்து ஊட்டுல ஆம்பள தங்கமாட்டான். ஒரு மண்டலம், மிஞ்சிப்போனா ரெண்டு."

"கன்னையன் அண்ணன் எழுபது வயசு வரைக்கும் அங்கதான இருக்கறாரு?" என்றாள் வேலாத்தாள்.

"அவருக்கு உசுரு கெட்டி. மாப்ளயப் பாரு."

நஞ்சப்பன் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டான். அயர்ன் டேபிள் முன்னால் நின்று நின்று வற்றிய உடம்பு. அன்று ராத்திரி விளக்கை அணைக்காமலே படுத்தான். காலையில், "அந்த ஊடு வேண்டாம் புள்ள, நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் வேலாத்தாள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கத்தான் கிணத்து வீதிக்குப் போனாள். அதற்குள் சேதியை லிங்கசாமி அந்த வீதி வரைக்கும் பரப்பிவிட்டிருந்தான். பங்களா வாட்ச்மேன் ராக்கையா, சிவகங்கைப் பக்கத்து ஆள், பேச ஆள் கிடைக்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"என்னத்தா, வீட்ட வேணாம்னுட்டியளாமே? எங்க மொதலாளிக்கு விடிஞ்சதுலேருந்து வவுத்தால போகுது."

"அவருக்கென்னுங்க வந்துச்சு?"

"கன்னையன் போயி, ஆளில்லாம அந்த ஓட்டு வீடு விழுந்துச்சுன்னா தெரு நேரா வந்து பங்களாவுல குத்துமாம்ல. வாஸ்துக்காரரு சொல்லிப்புட்டாரு. வீடு நிக்கணும், ஆளு குடியிருக்கணும், ஆனா பத்திரம் மட்டும் மொதலாளி பேருல இருக்கப்படாதாம். பேரு இருக்கவன் தலையிலதான் குத்து விழுமாம்."

வேலாத்தாள் கன்னையனிடம் போகவில்லை. பங்களாவுக்குள் போனாள். தரணீதரன் சோபாவில் இருந்தார். அவள் கதவோரத்தில் நின்றபடியே சொன்னாள்: "எங்கூட்டுக்காரரு பயப்படறாருங்க, நாங்க வாங்கலீங்க. கன்னையன் அண்ணன் ஊட்டை இடிச்சுட்டு எடத்தைப் பழைய இரும்புக் கடைக்குக் குடுக்கறதாப் பேச்சுங்க."

இரும்புக் கடை அவள் அந்த நிமிஷத்தில் திறந்த கடை.

அன்று சாயங்காலமே தரணீதரனின் கார், அவர்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டுச் சந்தில் நுழைய முடியாமல் நின்றது. அவர் சாக்கடையைத் தாண்டி நடந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடையது பாட்டனார் காலத்திலிருந்து நஞ்சப்பன் வம்சத்தை 'டேய்' போட்டுப் பேசிய குடும்பம். இன்றைக்கு வாய் நிறைய 'ங்க'.

"ஏனுங்க நஞ்சப்பன், ராக்கெட் உடற காலத்துல இதையெல்லாம் நம்பறீங்களா? தெரு எங்கீங்க வந்து குத்தும்? அதுக்குக் கையா, காலா? எல்லாம் மூட நம்பிக்கைங்க."

விரலில் நாலு ராசிக்கல் மோதிரத்தோடு அவர் பகுத்தறிவு பேசினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த லிங்கசாமிகூடத் தலையாட்டினான், கார் வைத்திருக்கிறவர் சொன்னால் அவனுக்கு எதுவும் விளங்கிவிடும்.

நஞ்சப்பன் மெதுவாகக் கேட்டான்: "அப்படீன்னா நீங்களே வாங்கிக்கலாமுங்களே?"

பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது. தரணீதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"என்ற பேர்ல ஆகாதுங்க. குத்து யார் பேர்ல பத்திரம் இருக்குதோ அவியளுக்கு…" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நஞ்சப்பன் யோசித்தான். பதினேழு வருஷத்தில் அவன் அவ்வளவு யோசித்து யாரும் பார்த்ததில்லை. பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப இவ பேர்ல எழுதிக்கட்டுமுங்க."

"அது சரிங்க. அதுதான் சரி" என்று தரணீதரன் எழுந்தேவிட்டார். "அருமையான யோசனை மாப்ள" என்றான் அண்ணன் லிங்கசாமி. மூன்று ஆம்பிளைகளுக்கும் மூச்சு சீராக வந்தது. குத்து யார் தலையில் விழப் போகிறதோ, அவளைத் திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். புருஷனைக் கையெழுத்துப் போட வைக்கத்தான் அவள் இவ்வளவும் செய்தாள். அவன் கையெழுத்தே வேண்டியதில்லை என்று ஆகும் என அவள் நினைக்கவில்லை. காப்பித் தண்ணி வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

பத்திர ஆபீசில் எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்: "ஊட்டுக்காரரு குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப அம்மணி பேர்ல எதுக்குங்க?"

"அவளே வெச்சுக்கட்டுமுங்க" என்றான் நஞ்சப்பன், தர்மம் பண்ணுகிறவன் முகத்தோடு. வேலாத்தாள் ஒவ்வொரு பக்கத்திலும் கோணல் இல்லாமல் கையெழுத்துப் போட்டாள். பெண்டாட்டி பேரில் சொத்து எழுதிய மகராசன் என்று சொந்தபந்தத்தில் நஞ்சப்பனுக்குப் பெரிய பேர் கிடைத்தது. அதை அவன் மறுக்கவில்லை.

மண்டலம் ஒன்று போய், இரண்டு போய், வருஷமும் போனது. வேலாத்தாளுக்குத் தலைவலிகூட வரவில்லை. தெருக்குத்து பொம்பளைகளுக்கு நல்லது என்று லிங்கசாமி இப்போது வேறு ஊர்களில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நஞ்சப்பன் கொஞ்சம் போட்டுவிட்டு வந்து தட்டைத் தள்ளினான்.

"என்ற ஊட்டுல இருக்கோணும்னா ஒழுங்காச் சமைக்கோணும். இல்லாட்டி…"

வேலாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊட்டுலங்க?"

நஞ்சப்பன் திறந்த வாயோடு கூரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இல்ல, கொழம்புல உப்பு கம்மின்னு சொல்ல வந்தேன்."

"போட்டுக்குங்க" என்றாள்.