அனார்குல் அண்ணியின் விருந்தாளி

எங்கள் மலையூரான நாரினில் பல் செட் செய்து கொடுப்பவர் அனார்குல். என் அண்ணன் மனைவி. பகலெல்லாம் பட்டறையில் வெள்ளைப் பொடி அப்பிய கைகளோடு குனிந்தே இருப்பார். சாயந்தரம் அடுப்பில் கரியைப் போட்டு, பால் டீயும் பொரித்த ரொட்டியும் பக்கத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வேறு ஆள். “நீதான்டா ஓநாய்! நீ மூச்சு விடுற சத்தமே சொல்லுது!” என்று அவர் போடும் கூச்சலில் அண்ணன் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

போனில் பத்துப் பன்னிரண்டு பேர் குரலை மட்டும் கேட்டு விளையாடுகிற ஆட்டம் அது. ஆளுக்கொரு வேடம் ரகசியமாக விழும். பெரும்பாலானவர்கள் ஊர்க்காரர்கள், இரண்டு மூன்று பேர் ஓநாய்கள். ஆட்டத்தில் இருட்டினால் ஓநாய்கள் ஒருவரைத் தீர்த்துக்கட்டும். விடிந்ததும் எல்லோரும் பேசி, சந்தேகப்படுகிறவரை ஓட்டுப் போட்டு வெளியே தள்ளுவார்கள். இந்த இரண்டு பக்கத்திலும் சேராதவன் ஒருவன் இருந்தான், நாடோடி. ஊரே சேர்ந்து அவனைத் துரத்தினால் அவனுக்கு வெற்றி. அதனால் அந்த வேடம் விழுந்தவர்கள் வேண்டுமென்றே உளறிக் கொட்டுவார்கள். மற்றவர்களும் கண்டுபிடித்து, அவனுக்கு எதிராக ஓட்டுப் போடாமல், பேச்சிலிருந்தே ஒதுக்கிவிடுவார்கள்.

புரூல் என்று ஒரு பெண். எங்கள் பக்கத்துக்காரிதான். ரஷ்யாவில், கசானில், கோழிக்கறி பொட்டலம் கட்டும் இடத்தில் வேலை. நம் பேச்சைக் காதில் கேட்டால் போதும் என்றுதான் ஆட்டத்துக்கே வருவாள். ஒரு நாள் அவளுக்கு நாடோடி விழுந்தது. அவளுக்கு நடிக்க வரவில்லை. வாய் திறந்தபோதெல்லாம் “நீ நாடோடிதானே, சும்மா இரு” என்று அடக்கினார்கள். கடைசியில், “சரி, நான் வரேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் வரவே இல்லை.

அண்ணிக்கு அது பொறுக்கவே இல்லை.

“என்ன ஊர்டி இது? வாசல்ல வந்து நிக்கிறவளை உள்ள வான்னு சொல்ல ஒரு நாதி இல்ல!”

“அண்ணி, அது விளையாட்டு.”

“விளையாடுறது நாமதானே?”

அந்த ஆட்டத்தை உருவாக்கியவன் தலைநகர் பிஷ்கேக்கில் இருக்கும் சமத் என்ற இளைஞன். அண்ணி அவனையே போனில் கூப்பிட்டுவிட்டார்.

“நாடோடி சும்மா சிரிப்புக்காக வெச்சதுதான்க்கா. வேணாம்னா எடுத்துடறேன்.”

“எடுக்கச் சொல்லல தம்பி. மாத்தச் சொல்றேன். அவனை விருந்தாளி ஆக்கு.”

முதலில் அண்ணி சொன்ன விதி இது: இருட்டினால் ஆட்டக்காரர்களில் யாராவது ஒருவர் விருந்தாளியைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடலாம், அவன் இருக்கும் வீட்டுக்குள் ஓநாய் நுழையக் கூடாது. ஆடிப் பார்த்தார்கள். எந்த வீட்டில் கை வைப்பது என்று தெரியாமல் ஓநாய்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றன. ஓநாயாக ஆடித் தோற்ற லாரிக்கார கசிபெக் சொன்னான்: “அக்கா, எங்க பல்லையெல்லாம் பிடுங்கிட்டீங்க. நீங்களே ஒரு செட் செஞ்சு குடுத்துடுங்க!” எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு டீ அப்படியே ஆறிப்போனது.

வழி பிறந்தது சாப்பாட்டு நேரத்தில். தெருக்காரர்கள் கூட்டத்துக்குப் போன அண்ணன் கடுகடுவென்று திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருந்ததைப் பற்றி ஓட்டெடுப்பு.

“நீங்க எதிர்த்துக் கை தூக்கினீங்களா?” என்று நான் கேட்டேன்.

“எப்படித் தூக்குறது? நேத்துதான் அவன் வீட்ல உக்காந்து ரொட்டி தின்னேன்.”

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

அப்படித்தான் புது விதி வந்தது. விருந்தாளி யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் யாரையும் காப்பாற்ற மாட்டான். ஆனால் எந்த வீட்டில் சாப்பிட்டானோ அந்த வீட்டுக்கு எதிராக ஓட்டுப் போட முடியாது. மூன்று வீட்டில் சாப்பிட்டு, கடைசிவரை உயிரோடு இருந்தால், எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவனுக்கும் வெற்றி.

அண்ணி புரூலைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். விருந்தாளி வேடம் விழுந்ததும் அவளுக்கே. உடனே ஆரம்பித்தது அமளி.

“புரூல், இங்க வாம்மா, ஆட்டுக்கறி வெந்துட்டிருக்கு!”

“அவன் வீட்டு டீ வெந்நீர் மாதிரி இருக்கும், நம்பாதே!”

ஊர்க்காரனும் கூப்பிட்டான், அவள் கையைக் கட்டிப்போட ஓநாயும் கூப்பிட்டது. புரூல் சிரித்த சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை.

புரூல் மூன்று வீட்டில் சாப்பிட்டு முடித்தாள்; கடைசியில் அண்ணி, கசிபெக், புரூல் மூவர்தான் மிச்சம். கசிபெக்தான் ஓநாய். அவனும் அண்ணியும் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஓட்டுப் போட்டார்கள்.

“உங்க ரெண்டு பேர் வீட்லயும் சாப்பிட்டுட்டேன்” என்றாள் புரூல். “நான் கை தூக்க மாட்டேன்.”

ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்த சமத் திணறினான். “இதுக்கு நாம விதியே வெக்கலையேக்கா.”

“இப்ப வை. கடைசியில இப்படிச் சமமா நின்னா, விருந்தாளிக்கு மட்டும்தான் வெற்றி.”

“அப்ப நீங்க தோத்துட்டீங்க!”

“தோத்தா என்ன? என் வீட்ல சாப்பிட்ட பொண்ணு ஜெயிச்சிருக்கா!”

வசந்தத்தில் எல்லோருடைய போனிலும் ஆட்டத்தில் அந்த வேடம் வந்துவிட்டது. எல்லை தாண்டி, கரகண்டாவிலும் தாஷ்கண்டிலும்கூட விருந்தாளிக்காகச் சண்டை போட்டார்கள். பிஷ்கேக்கில் ஆட்டக்காரர்கள் கூடியபோது சமத் அண்ணியை மேடைக்கு அழைத்தான். நீல வெல்வெட் கோட்டில் அவர் ஏறியதும் மண்டபமே எழுந்து நின்றது. கசிபெக் விசிலடித்தான். அண்ணன் முன்வரிசையில், டீ ஊற்ற வந்த பெண்ணைக்கூட நிறுத்தி, “என் வீட்டுக்காரி” என்றார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

திரும்பும் வழியில், தோலோன் கணவாயின் பனியைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி என்னை இடித்தார்.

“ஓநாய்க்குக் கொஞ்சம் பலம் பத்தலைடி. யோசிக்கணும்.”