மரங்களுக்கு நடுவே நின்ற படகு

யானை பார்க்கப் பாலக்காட்டிலிருந்து யாராவது பஸ் ஏறிப் போவார்களா? எங்கள் தெருவில் எல்லோரும் அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், இதைத்தான் கேட்டார்கள். வாசலில் நின்றாலே கோயில் யானை ஒன்று குளிக்கப் போவதைப் பார்க்கலாம். போதாக்குறைக்கு எங்கள் வீட்டில் உல்லாசத்துக்கென்று யாரும் ஊர் தாண்டியதில்லை. கல்யாணம், சாவு மவுத்து, நாகூர் கந்தூரி, இவற்றுக்குத்தான் பெட்டி கட்டுவோம். புளி மண்டி வைத்திருந்த அத்தா, நல்ல சீசன் நேரத்தில் மண்டியை ஆட்களிடம் விட்டுவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு தேக்கடி ஏரிக்குக் காற்று மாற்றத்துக்குப் போகிறார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்.

நான் கடல்தான் கேட்டிருந்தேன். பொன்னானிக்குப் போய்வந்த வகுப்புத் தோழி ஒருத்தி கடலைப் பற்றி அளந்த அளப்பு தாங்க முடியவில்லை. ஏரியும் கடல் மாதிரிதான், அதுவும் அங்கே கரையை ஒட்டியே காடு, காட்டில் யானை என்று சொல்லி அத்தா என் வாயை அடைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். போவதற்கான உண்மையான காரணத்தை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, பெரியவர்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தால் என் காது தானாகவே நீண்டுவிடும்.

காரணம் அக்கா. அவளைக் கம்பத்தில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டில் கொடுத்திருந்தோம். தம்பியின் சுன்னத்து வைபவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், ஒரு வருஷமாகியும் திரும்பிப் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தி வீட்டை விசேஷத்துக்கு அழைப்பதென்றால் குடும்பத் தலைவரே நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் அழைக்க வேண்டும். அத்தா அந்தச் சமயம் புளி வரத்து மும்முரத்தில் இருந்தார். கடைக் கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டார். அவரும் போய் நல்லபடியாகத்தான் அழைத்தார். ஆனால் கம்பத்துக்காரர்களுக்கு, அதிலும் அக்காவின் புருஷனான மச்சானின் அண்ணனுக்கு, அது செருப்பால் அடித்த மாதிரி ஆகிவிட்டது. சுன்னத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதன் பிறகு அக்காவைக் கூட்டிப்போகவும் வரவில்லை.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். நாமாகக் கொண்டுபோய் விட்டால், வேண்டாத சாமானை இறக்கிவிட்டு வந்த கதையாகிவிடும், அப்புறம் அந்த வீட்டில் அவளுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பது அம்மாவின் கட்சி. அவர்களோ அத்தா முதலில் வரட்டும் என்று இருந்தார்கள். இரண்டு வீட்டு வீம்புக்கும் நடுவில் அக்கா எங்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் குமுளியில் இருந்த அத்தாவின் சிநேகிதர், ஒரு ஏலக்காய்த் தரகர், ஒரு வழி சொன்னார். ஏரிக்கரைக்கு நாங்கள் காற்று மாற்றத்துக்குப் போவது. மச்சானும் அவர் அண்ணனும் தற்செயலாகப் படகில் உலாவ வருவது. பார்த்ததும் அத்தா வாங்க என்பார், ஒரு டீ குடிப்பார்கள், போகும்போது அக்காவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். யாரும் யார் வாசலுக்கும் போனதாக ஆகாது. அத்தாவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. போன சீசனில் செய்த தப்புக்கு இந்த சீசனில் பரிகாரம் செய்வதாக நினைத்தாரோ என்னவோ.

தம்பியை மாமி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். திண்டுக்கல் வரை ரயில், பிறகு பஸ். அந்த பஸ் கம்பம் வழியாகத்தான் போயாக வேண்டும். பஸ் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மச்சான் வீட்டுத் தெருமுனை தெரிந்தது. எங்கள் பெண்கள் வெளியே போனால் சேலைக்கு மேல் உடம்பு முழுக்க வெள்ளைத் துப்பட்டி போர்த்துவார்கள். அக்கா அதை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு விரலளவு சந்து வழியாக அந்த முனையையே பார்த்தபடி இருந்தாள். அத்தா இறங்கிப் போய் முறுக்கு வாங்கி வந்தார். தன் வீட்டுத் தெரு வரைக்கும் வந்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் பக்கத்தில் இருந்து அந்த முறுக்கை நான் தின்று தீர்த்தேன்.

கேரளம் என்ற மாநிலம் அப்போது பிறக்கவில்லை. எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தில் இருந்தது, குமுளி திருவிதாங்கூர்-கொச்சியில். குமுளிச் சோதனைச் சாவடியில் புகையிலை இருக்கிறதா என்று பெட்டிகளைக் கிளறிய போலீஸ்காரர், அக்காவின் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, ஏரி பார்க்க வந்தவர்களுக்கு இத்தனை பட்டுச் சேலை எதற்கு என்று மலையாளத்தில் கேட்டார். அத்தா சிரித்து வைத்தார். அவள் உடைமை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

நாங்கள் தங்கிய முசாபரி பங்களா ஏரிக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. யானை ஏறி வராமல் இருக்கச் சுற்றிலும் அகழி வெட்டியிருந்தார்கள். முன்பு அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள், இலையும் பட்டையும் இல்லாமல் கறுத்துப் போய், தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. அலை இல்லை, மணல் இல்லை, உப்புக் காற்றும் இல்லை. இதுவா கடல் மாதிரி என்று அத்தாவிடம் சண்டை பிடித்தேன். ஆனால் மறுநாள் விடிந்ததும் எதிர்க்கரைப் புல்லில் காட்டெருமைகள் வெள்ளைக் காலுறை போட்டதுபோல நின்று மேய்வதைப் பார்த்ததும் கடலை மறந்துவிட்டேன். நீர்நாய்க் கூட்டம் ஒன்று மீனைக் கையில் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தம் மேலே ரயில் போகிற மாதிரி கேட்டது.

நான் மிருகம் பார்த்தேன், மற்ற மூவரும் படகு பார்த்தார்கள். தூரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டால் போதும், அத்தா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அக்கா காலையிலேயே குளித்து, நல்ல சேலை உடுத்தி, வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த ஒரு வருஷத்தில் நான் பார்க்காத முகம் அது. மச்சானைப் பற்றி என்னிடம் ஓயாமல் பேசினாள். அவருக்கு நாய் என்றால் பயமாம். தெருவில் நாய் நின்றால் இவளுக்குப் பின்னால் வந்துவிடுவாராம். அண்ணன் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டாராம், அவ்வளவு மரியாதையாம். அவள் சொன்ன விதத்தில் அது பெரிய குணமாகவே எனக்குப் பட்டது.

முதல் நாள் அவர்கள் வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் வரவில்லை. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பங்களாவில் இருந்த காட்டு வாச்சர், யானைகள் எல்லாம் காலையிலேயே அக்கரைக்கு நீந்திப் போய்விட்டன, கரையோரமாக ஒரு நடை போய்வரலாம் என்றார். அக்காதான் முதலில் எழுந்தாள். கரை வளைகிற இடத்திலிருந்து பார்த்தால் படகுத்துறை வரைக்கும் தெரியும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

காட்டுக்குள் வெயில் துண்டு துண்டாக விழுந்துகிடந்தது. மலையணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவி எங்களோடு கூடவே வந்தது. வளைவில் காடு விலகி, புல்லும் தண்ணீரும் தெரிந்தன. அக்கா புல்வெளியில் தனியாக முன்னே நடந்து போய், தண்ணீர்ப் பக்கம் பார்த்து நின்றாள். அவளுக்கு வலப்பக்கம் ஒரு மூங்கில் புதர். அது அசைந்ததைக் காற்று என்று நினைத்தேன். பிறகு புதரைப் பிளந்துகொண்டு ஒரு பெண் யானை வெளியே வந்தது. அதன் காலடியில் ஒரு குட்டி இருந்தது.

வாச்சர் ஓடுங்கள் என்று கத்தினார். அத்தா என்னையும் அம்மாவையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஓடி வந்துகொண்டிருந்தாள். துப்பட்டி காலைத் தட்டியதால் ஓட முடியவில்லை. யானை காதை விரித்துக்கொண்டு அந்த வெள்ளையை நோக்கியே வந்தது.

"துணியப் போட்டுட்டு ஓடி வாம்மா," என்று வாச்சர் மறுபடியும் மறுபடியும் கத்தினார். அவள் துப்பட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியை நான் பார்த்தேன், செத்தாள் என்றே நினைத்தேன். பிறகு விட்டாள். யானை அந்தத் துணியின் முன்னால் நின்றது. தும்பிக்கையால் எடுத்து உதறியது. கீழே போட்டு மிதித்தது. அதற்குள் அக்கா எங்களிடம் வந்துவிட்டாள்.

மேடேறி அகழிப் பாலத்தைத் தாண்டியதும் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்போதுதான் அத்தா ஏரியைக் காட்டினார். பட்டுப்போன மரங்களுக்கு நடுவே ஒரு படகு நின்றது. சிவப்புத் துருக்கித் தொப்பி வைத்தவர் மச்சானின் அண்ணன். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் மச்சான். படகு மெல்லத் திரும்பித் துறைப் பக்கம் போனது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அக்காவை உள்ளே கூட்டிப்போய், தலை வாரி, தன் துப்பட்டியையே போர்த்திவிட்டார். அத்தா டீக்குச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம், உயிர் தப்பிய சிரிப்பு பாதி, மாப்பிள்ளை வந்துவிட்ட சிரிப்பு பாதி.

டீ ஆறிப்போனது. வந்தவர் தரகர் மட்டும்தான். அத்தாவோடு வராந்தாவில் உட்கார்ந்தார், நாங்கள் மூவரும் கதவுக்கு உள்ளே நின்றோம். முக்காடு இல்லாமல், அவிழ்ந்த கூந்தலோடு, வாச்சர் முன்னாலும் படகுக்காரன் முன்னாலும் வீட்டுப் பெண் ஓடியதைப் பார்த்து மூத்தவர் கூசிப்போய்விட்டாராம். இருந்தாலும் உறவை முறித்துக்கொள்ள அவர் விரும்பவில்லையாம். அத்தா கம்பத்துக்கு வந்து, அழைப்பு விஷயத்துக்கும் இதற்கும் சேர்த்து ஜமாஅத் ஆட்கள் முன்னால் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டால், அன்றைக்கே பெண்ணை ஏற்றுக்கொள்வார்களாம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அத்தா தலையாட்டினார். போகிறேன் என்று சொல்லிவிட்டார். எத்தனை நாளைக்கு இதை இழுப்பது, தப்பு நம் பக்கமும் இருக்கிறது என்றார். அக்கா என் தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவள் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தரகர் அத்துடன் எழுந்து போயிருக்கலாம். யாரோ கோள் மூட்டிய பேச்சு அல்ல இது என்று நிரூபிக்க நினைத்துவிட்டார்.

"யாரும் சொல்லிக் கேட்டது இல்லண்ணே. ஆனை மூங்கிலுக்குள்ள நின்னதுல இருந்தே அவுக பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக."

அத்தா டம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையுமா என்று கேட்டார். ஆமாம், இரண்டு பேரும்தான் என்றார் தரகர்.

"அப்ப ஏனுங்க ஒரு சத்தம் போடுல?"

தரகர் ஏதோ சொல்லிப் பார்த்தார். சத்தம் போட்டால் யானை மிரளும் என்று நினைத்திருக்கலாம், மூத்தவர் கோபத்தில் இருந்தார், அவரை மீறி இளையவர் எப்படி, என்று இழுத்தார். அத்தா எழுந்து நின்று, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நான் கம்பத்துக்கு வர்லீங்க. புள்ளையவும் அனுப்புலீங்க. போயிச் சொல்லிப்போடுங்க."

மறுநாள் அதே பஸ்ஸில் திரும்பினோம். அந்த டிரங்குப் பெட்டி பஸ் கூரை மேல் ஏறியது. எனக்கு அத்தாவைப் பற்றி ஒரே பெருமை. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. கம்பத்தில் பஸ் நின்றபோது அக்காவின் காதில், நல்லவேளை, அந்த ஆளோடு நீ போகவில்லை என்றேன். அத்தா செய்தது சரிதான் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். துப்பட்டிக்குள் அவள் உடம்பு குலுங்குவது தெரிந்தது. எனக்குப் புரியவில்லை, எரிச்சலாகக்கூட இருந்தது. இனிமேல் எதற்கு அழுகிறாய் என்று கேட்டேன்.

"நான் படகத்தான் பாத்துட்டு நின்னேன் கண்ணு. அவரு என்னையத்தான் பாத்துட்டு இருந்தாரு. பேரு சொல்ல வேண்டாம், இந்தான்னு ஒரு சத்தம் குடுத்திருந்தாப் போதும். தண்ணிக்குள்ளயே எறங்கிப் போயிருப்பேன்."