மோருக்கு இங்கிலீஷ்

ஒரகடம் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, செல்பேசியில் மொழி சொல்லித்தரும் செயலியிடம் மறுபடியும் "உயிஸ்கே" என்றேன். டொக். தப்பு. ஐரிஷ் மொழியில் தண்ணீருக்கு "இஷ்க" என்று சொல்ல வேண்டும். ஆனால் எழுத்தைப் பார்த்ததும் என் நாக்கு இங்கிலீஷ் பக்கம் ஓடிவிடுகிறது. அயர்லாந்தில் ஐரிஷ் பள்ளியில் படிக்கும் தங்கை மகள், தண்ணீரை அவள் மொழியில் கேட்டால்தான் இனி என்னோடு பேசுவாளாம். இன்னும் பத்து நிமிடத்தில் கூப்பிடுவாள்.

அந்த டொக் அப்பாவுடையது. ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது எங்கள் வீட்டில் தமிழ் கூடாது. வாய் தவறினால் தட்டின் விளிம்பில் விரலால் தட்டுவார். வேண்டியதை இங்கிலீஷில் கேட்கத் தெரியாதவர்களுக்கு வெறும் சோறுதான்.

ஒருநாள் அவரே மிளகாயைக் கடித்துவிட்டார். மோர் வேண்டும். மோருக்கு இங்கிலீஷ் எங்கள் யாருக்கும் தெரியாது. கண்ணில் நீர் வழிய, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷே அறியாத அம்மா சொம்பை நீட்டினாள்.

"இந்தாய்யா, குடி. இன்னா வேணும்னு மூஞ்சியிலயே கீதே."

செல்பேசி அதிர்ந்தது. திரையில் குழந்தை, பள்ளிச் சீருடையில். "உயி... இஸ்..." என்று திணறினேன். இடைவேளை முடிந்த மணி வேறு அடித்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் என்னையே பார்த்தாள். சட்டென்று எழுந்து ஓடினாள். கோபித்துக்கொண்டாளோ என்று தவித்தேன்.

தளும்பத் தளும்ப ஒரு தம்ளரோடு திரும்பி வந்து, அதைத் திரையில் ஒட்டினாற்போல் நீட்டினாள்.

"குடி, பெரிம்மா."