என் தங்கச்சிக்கு மண்டபம் தராதவர்கள்

என் தங்கச்சி யதுஷா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். கொழும்பில் தமிழில் மட்டும் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் தனியே மேடையில் நின்று சனத்தைச் சிரிக்க வைத்தாள். தலைவர் உரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எதுவும் இல்லாமல் எழுபத்திரண்டு கதிரைகளை நிரப்பினாள், அதுவும் தொடர்ந்து நாலு சனிக்கிழமை. சுவரொட்டியில் அவளுடைய பெயர் மட்டும்தான் இருந்தது. "பொம்பிளைப்பிள்ளைக்குப் பகிடி என்னத்துக்கு" என்று கேட்டவர்களில் மூன்று பேர் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். எங்கள் அம்மா சபையில் வாய்விட்டுச் சிரித்தா. முப்பத்தெட்டு வருடத்தில் நான் அதைக் கண்டதில்லை. இதில் ஒன்றையும் யாரும் அவளுக்குத் தூக்கித் தரவில்லை.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன், திரைச்சீலைக் கடையில் அளவெடுத்து வெட்டுகிற வேலை. தங்கச்சி களனிப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அங்கே சிங்களப் பிள்ளைகள் நாடகம் போடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த ஆசை வந்தது. இப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியில் முறைப்பாடு கேட்கிறாள். பகல் முழுக்க ஏச்சு வாங்குகிறவளுக்குப் பகிடிக்குப் பஞ்சமில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு மண்டபம் எடுத்துத் தன் நிகழ்ச்சியைத் தானே நடத்த வேண்டும். 2022 கடைசியில் தேடத் தொடங்கினோம். லீவு நாட்களில் நானும் அளவு நாடாவோடு கூடப் போனேன்.

கொழும்பு ஏழில் பெரிய நாடக மண்டபம் ஒன்று. மேடை அகலம் முப்பத்தாறு அடி, திரை நல்ல கனமான வெல்வெட். அலுவலர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. எந்தச் சங்கம் என்று சிங்களத்தில் கேட்டார். சங்கம் இல்லை, நான்தான் என்றாள். அவர் பேனையை மூடிவிட்டார். பம்பலப்பிட்டியில் ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடி. அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஆங்கிலப் பகிடி நடக்கும். நடத்துகிறவன் தமிழன்தான், ஆனால் எங்களோடு தமிழ் கதைக்கவில்லை. "தமிழ் ஆக்கள் இங்கிலீஷ் கதைக்கிற மாதிரிக் கதைச்சுக் காட்டுங்க, அதுக்குச் சிரிப்பாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான். "அப்ப நீங்கள் கதைக்கிறதை அப்பிடியே செய்து காட்டட்டோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு இவள் இறங்கி வந்துவிட்டாள். கொட்டாஞ்சேனையில் ஒரு சபையின் மண்டபம். அங்கே பொறுப்பாயிருந்தவர், "பாட்டெண்டால் பரவாயில்லை, பிள்ளை. பகிடியெண்டால் ஆரைப் பற்றி?" என்று கேட்டார். "உங்களைப் பற்றித்தான் ஐயா" என்றாள். அதோடு அதுவும் போய்விட்டது.

வெள்ளவத்தையில் சங்கத்து மண்டபம் ஒன்று மிச்சமிருந்தது. அங்கே படிவத்தில் "பொறுப்பேற்பவர்" என்று ஓர் இடம் உண்டு. அதில் பதிவு செய்த சங்கத்தின் ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கேதான் பிழை விட்டேன். பெரிய மனிசன் ஒருவரின் கையெழுத்து இருந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று நம்பி, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி இராசரத்தினம் மாமாவிடம் போனேன். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், ஒரு சங்கத்தின் தலைவர். கையெழுத்து உடனே போட்டார். போட்டவருக்கு நிகழ்ச்சி முழுக்கச் சொந்தம் என்பது எனக்குத் தெரியவில்லை.

அழைப்பிதழ் வந்தது. மேலே மாமாவின் படம். கீழே மங்கல விளக்கேற்றல், கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைவர் உரை, நடனம். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் "நகைச்சுவை: செல்வி யதுஷா". என்ன மாமா இது என்று கேட்டேன்.

"தம்பி, சும்மா ஒரு பிள்ளை ஏறி நிண்டு பல்லைக் காட்டினா சனம் என்ன சொல்லும்? ஒரு ஒழுங்கு வேணும்."

2023 ஜூன் 17, சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. பிரதம விருந்தினர் வரவில்லை. குத்துவிளக்கில் நாலு திரியைக் கொளுத்தி, ஐந்தாவதை அவருக்கென்று விட்டுவைத்தார்கள். எங்கள் விழாக்களில் இது வழக்கம்தான். ஆறு மணி தாண்டி யதுஷா மேடைக்கு வந்தாள்.

"வெள்ளவத்தையில வீடு எடுத்தா கடல் தெரியுமெண்டு புரோக்கர் சொன்னவர். பொய்யில்லை, தெரியுது. பாத்ரூமில வாளியைக் கவிட்டு ஏறி நிண்டு, ஒரு கையால குழாயைப் பிடிச்சா தெரியுது. அம்மா பாத்ரூமுக்குப் போனா குளிக்கப் போறாவோ கடல் பாக்கப் போறாவோ எண்டு எங்களுக்கே தெரியாது."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினோராவது நிமிடம். அப்போது வாசலில் அசைவு. பிரதம விருந்தினர் வந்துவிட்டார். இராசரத்தினம் மாமா மேடைக்கு ஏறி, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த மைக்கை வாங்கினார். எல்லோரும் எழும்பி நிற்கும்படி சொன்னார். ஐந்தாவது திரியைக் கொளுத்தினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். விருந்தினர் பதினெட்டு நிமிடம் பேசினார். யதுஷா ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மைக் திரும்பக் கைக்கு வந்ததும் சொன்னாள்: "விளக்கைப் பாதியில விட்டுப்போட்டுத் திரும்ப வந்து கொளுத்திறதுதான் மரியாதையெண்டா, போன வருஷம் முழுக்க எங்கட வீடுகளில பாதியில போய்ப் போய் வந்த கரண்ட் எங்களை மரியாதையாத்தான் நடத்தியிருக்கு."

அன்று கேட்ட சிரிப்பில் அதுதான் பெரிய சிரிப்பு. பிரதம விருந்தினரும் சிரித்தார். சிரிக்காதவர் ஒருவர்தான்.

இரண்டு கிழமைக்குள் மாமா தன் சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு கடிதம் எழுதி, தனக்குத் தெரிந்த மண்டபங்களுக்கெல்லாம் அனுப்பினார். "மேற்படி பிள்ளை சபை ஒழுக்கம் அறியாதவர்" என்று அதில் இருந்தது. அதை என் கண்ணால் கண்டேன், ஓர் அலுவலகத்தில் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்கள். அதன் பிறகு கேட்ட நாலு இடத்திலும் இல்லை என்ற பதில்தான். ஓர் இடத்தில் நாட்காட்டி முழுக்க வெறுமையாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்க, இடமில்லை என்றார்கள். அறுபத்தேழு வயதுக்காரர் ஒருவர் இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு எதிராக முத்திரை ஒட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். இதற்கு நல்ல பெயர் ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

2024 தை மாதம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு தாள். தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம். கீழே யதுஷாவின் பெயரும், அதற்கு மேல் புள்ளிக்கோடும்.

"ஒரு கையெழுத்து, பிள்ளை. போட்டாயெண்டா நாளைக்கே நானே போன் எடுத்துச் சொல்லுவன். எந்த மண்டபமெண்டாலும் திறப்பாங்கள்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தா. நானும் சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததை எழுதத்தான் வேண்டும். "போடு தங்கச்சி. போட்டிட்டு உன்ரை வேலையைப் பார்" என்றேன்.

அவள் தாளை இரண்டு தரம் வாசித்தாள். "இதுக்குள்ள ஒரு பகிடியும் இல்லையே மாமா. என்ரை பேரில போறதெண்டா ஒண்டாவது இருக்க வேணாமோ?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

"ஓம் மாமா. அதுக்குத்தான் மண்டபம் தேடுறன்."

தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். தேத்தண்ணியைக் குடிக்காமல் அவர் எழும்பிப் போனார். போகும்போது, "இனி ஒரு சங்கமும் உனக்காகக் கையெழுத்துப் போடாது" என்றார். அதிலே மட்டும் உண்மை சொன்னார். பிறகு அவருடைய வீட்டில் நடந்த கலியாணத்துக்கும் நாங்கள் போகவில்லை, இனிமேலும் அந்தப் படி ஏறமாட்டோம்.

மாசியில் ஹபீலா என்ற பெண்மணி கடைக்கு வந்தா. கொட்டாஞ்சேனையில் தன் கட்டடத்தின் மேல்மாடியைக் கராத்தே வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் விடுகிறவ, ஜன்னலுக்குத் திரை வேண்டுமாம். அளவெடுக்கப் போனேன். நீளம் நாற்பத்தொரு அடி, ஒரு பக்கம் அரை அடி உயரத்தில் பலகை மேடை. நாடாவைச் சுருட்டியபடி, தங்கச்சியின் நிகழ்ச்சிக்குச் சனிக்கிழமைகளில் இதைத் தருவீர்களா என்று கேட்டுவிட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றா.

யதுஷா போனதும் வாசலிலேயே சொன்னாள்: "எனக்குச் சங்கம் இல்லை அக்கா. என்னைப் பற்றி ஒரு கடிதமும் சுத்துது."

"கராத்தே மாஸ்டருக்கும் சங்கம் இல்ல. கடிதம் எனக்கும் வந்திச்சி, வாசிச்சேன். எழுதினவரு நல்லாச் சிரிக்கவே மாட்டாரு போல."

"அப்ப ஆர் கையெழுத்துப் போடுறது?"

"மேடையில நிக்கப் போறது யாரு? கதிரை உடைஞ்சா நான் யாரப் புடிக்கிற? அவங்கதான் போடணும்."

படிவத்தை மேசையில் வைத்தா. பழக்கத்தில் யதுஷா பேனையை என் பக்கம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் குனிந்து, பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் திகதி: 2024 மார்ச் 16.