இழுக்கும் சரி, நிற்குமா?

போன மழையில் எங்கள் பருத்திப்பட்டுத் தெருவுக்கு மீட்புப் படகு வந்து சேர்வதற்குள் பொழுதே சாய்ந்துவிட்டது. மொட்டைமாடியில் காத்து நின்றபோதுதான், நாமே ஒரு படகு வாங்கினால் என்ன என்று தோன்றியது. தெரு நண்பர்கள் சேர்ந்து காசிமேட்டில் பெரிய ஃபைபர் படகு ஒன்றைப் பழசாகப் பிடித்தோம். அதை இழுக்கும் பிக்கப் வண்டியை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று நின்றான் என் மாமா மகன் ஸ்டான்லி.

அவன் தேர்ந்தெடுத்த லட்சணத்தைக் கேளுங்கள். வண்டி கறுப்பு நிறமா, கூரையில் வரிசையாக விளக்கு இருக்கிறதா, அவ்வளவுதான். எவ்வளவு எடை இழுக்கும் என்று நான் கேட்டதற்கு விற்றவர் சிரித்தார். "யானைய கட்டு நைனா, இஸ்துகினு போவும்!"

"கேட்டியா மச்சான்? நீ லேப்டாப்ப பார்த்துகினு கம்னு கெட" என்று என் ஐ.டி. வேலையைக் குத்திக்காட்டினான் ஸ்டான்லி.

இழுத்தது, உண்மைதான். ஆனால் வேலப்பன்சாவடி மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. ஸ்டான்லி பிரேக்கை மிதித்தான். வண்டி இழுத்துவந்த டிரெய்லரில் இருந்த படகோ வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனது. ஆட்டோவின் பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் எங்களையே பார்த்தார்கள். நல்லவேளை, ஆட்டோ நகர்ந்தது. நாங்கள் சுவரை உரசிக்கொண்டு நின்றோம்.

கீழே இறங்கிய ஸ்டான்லி கேட்ட முதல் கேள்வி: "லைட்டுக்கு ஒண்ணும் ஆவல இல்ல?"

படகை எடை போட்டாயிற்று. டிரெய்லருக்கும் தனி பிரேக் பொருத்தியாயிற்று. சனிக்கிழமை வேறு பிக்கப் பார்க்கிறோம். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஆளில்லாத சரிவில், படகைக் கட்டி இழுத்துவந்து பிரேக் போட்டு நிறுத்திக் காட்டச் சொல்லப்போகிறேன். ஸ்டியரிங்கில் விற்பவர்தான் உட்கார வேண்டும்.