ஆறு வருஷத்தில் இரட்டிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், குருவிநத்தத்துக்கு நான் வாழ வந்த மறுவருஷம், எங்கள் கரும்புக்கு ஆலையிலிருந்து பணம் மொத்தமாக வந்தது. அவ்வளவு நோட்டை அந்த வீடு ஒருசேரப் பார்த்ததில்லை. மாமியார் அதைக் கேழ்வரகு மாவுப் பானைக்குள் புதைத்து வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் கூழ் கிடையாது.

தவளக்குப்பத்தில் ஒரு கடைக்காரர் வாராவாரம் வட்டி தருவதாக என் கணவருக்கு ஆசை காட்டியிருந்தார். மாமியாருக்கு நகை வாங்க வேண்டும். எனக்கோ பாகூர் போஸ்ட் ஆபீஸ் வாசலில் பார்த்த விளம்பரத் தட்டியே கண்ணில் நின்றது. சாப்பிடும்போது மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"அத்தை, போஸ்ட் ஆபீஸ்ல பத்திரம் வாங்கினா ஆறு வருஷத்துல பணம் ரெண்டு மடங்காகுமாம். சர்க்கார் பொறுப்பு."

"இன்னாடி சொல்ற? சும்மா வச்சிருந்தாவா?"

"ஆமா அத்தை."

"தண்ணி பாய்ச்ச வேணாம்?"

"வேணாம்."

"களை வெட்ட வேணாம்?"

"ஒண்ணும் வேணாம் அத்தை."

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "அப்ப நாம இத்தினி வருசமா இன்னாத்துக்குடா கரும்பு நட்டோம்?"

என் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "கடைக்காரரு இன்னும் அதிகமா தரேன்றாரும்மா" என்றார்.

"அவன் ராவோட ராவா கடைய மூடிக்கினு போனா எங்கடா தேடுவ? போஸ்டாபீஸ் எங்க ஓடும்?"

முடிவாகிவிட்டது.

மறுநாள் காலை மாமியார் பணத்தை ஒரு பழைய புடவைத் துணியில் சுருட்டி, புடவைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். பஸ்ஸில் நெரிசல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

"வயித்துல கட்டிப்பா" என்று முனகினார் மாமியார். உடனே உட்கார இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த பெண் அவருக்கு விசிறிவிட்டாள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போஸ்ட் மாஸ்டர் வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். எல்லாம் எழுதி முடித்து, "பணம் எங்கம்மா?" என்றார்.

"ஐயா, கொஞ்சம் அந்தாண்ட திரும்பு."

அவர் மறுபேச்சில்லாமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸ்டாம்பு வாங்க வந்திருந்தவர்களும் திரும்பினார்கள். என் கணவரும் திரும்பிக்கொண்டார். நான் துணியின் முனையைப் பிடித்து இழுக்க, மாமியார் பம்பரம்போலச் சுற்றினார். சுற்றச் சுற்றத் துணி வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்றில் அவருக்குத் தலை கிறுகிறுத்து என்னைப் பிடிக்க, இரண்டு பேரும் தபால் மூட்டைகள்மேல் சாய்ந்து விழுந்தோம். சிரித்ததில் எழுந்திருக்க முடியவில்லை. நோட்டெல்லாம் கேழ்வரகு மாவு. போஸ்ட் மாஸ்டர் தும்மித் தும்மித்தான் எங்களுக்குப் பத்திரம் கொடுத்தார்.

"இடுப்பே காத்தாட்டம் இருக்குதுடி, நடந்தே போலாம்" என்று திரும்பும்போது மாமியார் பஸ் ஏற மறுத்துவிட்டார். வயல் வழியே நடந்தோம். மாமியார் வழியிலேயே மாடி வீடு கட்டினார். என் கணவர் மோட்டார் சைக்கிள் வாங்கி, எங்களை உட்காரவைத்துத் திருப்பதி வரை ஓட்டினார். எனக்கு வளையல் வந்தது. வீடு சேர்வதற்குள் இன்னும் வராத பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கடைக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். சேதி கேட்ட அன்று என் கணவர் எனக்கு நிறைய மல்லிகைப்பூ வாங்கி வந்தார்.

பத்திரம் முதிர்ந்தபோது சொன்னபடியே இரட்டிப்பாக வந்தது. பெரும்பகுதியை அங்கேயே மறுபடி போட்டுவிட்டோம். மிச்சத்துக்கு மாமியார்தான் வழி சொன்னார்.

"டாக்சி வைடா. கடல் பாக்கப் போலாம்."

அதுவரை அவர் காரில் ஏறியதில்லை. எங்கள் பையனை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டினார், தெரியாதவர்களுக்கும்தான். புதுச்சேரிக் கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். முதல் வாய்க்கே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"பல்லு கூசுதுடி!"

"வேணாம்னா குடுங்க அத்தை."

"போடி" என்று கையை நீட்டி அப்பால் வைத்துக்கொண்டு, "டேய், இன்னொண்ணு வாங்குடா" என்றார்.