ஏரிக்குள் நின்று ஏரியைத் தேடினேன்

நான் ஊட்டிக்காரன். எனக்கு ஏரி என்றால் வருடம் முழுக்கப் படகு ஓடும் இடம். தொண்ணூறுகளில் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து வந்த முதல் மே மாதம், வரைபடத்தில் செங்கல்பட்டுக்குத் தெற்கே, மூன்று காட்டு மலைகளுக்கு நடுவே பெரிய நீலத் திட்டு ஒன்றைப் பார்த்தேன். உடனே மனைவியையும் மகளையும் கிளப்பினேன்.

மனைவி பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள். "ஏரிக்குப் போறோம், தண்ணிய எதுக்குச் சுமக்கணும்?" என்று தடுத்தேன். மகள் மிதப்பதற்காக, சைக்கிள் கடையில் காற்றடித்த லாரி டியூபை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, முள்காட்டில் இரண்டு மணி நேரம் நடந்தோம். ஏரியைக் காணோம். ஒரு பொட்டலில் மகள் நா வறண்டு உட்கார்ந்துவிட்டாள். மனைவி டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் தர்பூசணிக் கொல்லைக்குக் காவல் இருந்தவர் எழுந்து வந்தார்.

"இன்னா சார், டியூப்பத் தூக்கினு வர்றே? வண்டி பஞ்சரா?"

"இங்க ஏரி எங்கேங்க இருக்கு?"

"ஏரி நடுவுலதான் நின்னுகினு கீற. ஐப்பசில வந்து பாரு, மூணு மலைத் தண்ணியும் உன் தலைக்கு மேல நிக்கும்."

சொல்லிவிட்டு ஒரு பழத்தை உடைத்துக் கொடுத்தார். மூவரும் விதையோடு விழுங்கினோம்.

இப்போதெல்லாம் எந்த ஏரிக்குக் கிளம்பினாலும், எந்த மாதம் தண்ணீர் நிற்கும் என்று முதலில் விசாரித்துவிடுகிறேன். மனைவி மகாபலிபுரம் கடற்கரைக்கே ஒரு கேன் தண்ணீரோடுதான் வருகிறாள். தூக்குவது நான்.